ஏழாம் எண்காரருக்கு

பிப்ரவரி 4

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். நானும் உன் அண்ணியும் மகள் குருவியும் சுகம். சண்டை என்றால் வாயால் வேண்டாம், தாளில் எழுது, ஒரு ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தபாலில் போடு என்பது அப்பா நம் வீட்டுக்குப் போட்ட சட்டம். அதன்படி இதை நேற்றே எழுதி, தலையணைக்கு அடியில் வைத்து எடுத்தேன். காலையில் படித்துப் பார்த்து இரண்டு வரியை அடித்தேன். மற்றதை அடிக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மூப்பரின் மனைவி தன் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தார். "உங்க தங்கச்சி குரல் மாதிரியே இருக்கு, கேளுங்களேன்" என்றார். பிறந்த தேதியைக் கூட்டி, வருகிற எண்ணை அழுத்தினால் அன்றைக்கு நமக்கு என்ன நடக்கும் என்று சொல்லும் சேவையாம். "நான்காம் எண்காரர்களே, இன்று பழைய நண்பர் ஒருவர் உங்களைத் தேடி வருவார்" என்றாய். மாதிரி என்ன மாதிரி, நீயேதான். அதே ஆலயத்தில் பதினோரு வருஷம் வேதபாடம் வாசித்த குரல். அவர் எதற்காக அதைக் கேட்கிறார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. சில சோம்பேறிகள் அந்தப் பூட்டில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகி ஏமாற்றிவிடுவார்கள். லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டபடி மேலும் கீழும் ஓடும். ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். ஆகிற நாள்வரைக்கும் ஒன்றும் ஆகாதுதான்.

அந்த வேலையை விடும்வரை என் வீட்டுக்குப் போன் செய்யாதே. குருவிக்குப் பதினான்கு வயது. எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று நான் காவல் இருக்கிற வயது.

காதுக்குக் கீழே எனக்கு ஒரு கட்டி வந்திருக்கிறது. நெல்லிக்காய் அளவு. இந்த மாதம் 19ஆம் தேதி எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ஜெபித்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததும் ஒன்று தோன்றியது. முதல் பக்கம் முழுக்க என் ஆத்துமா, கடைசி இரண்டு வரியில் உன் கட்டி. இதைத் திருப்பி எழுதியிருக்க வேண்டாமா? என்ன கட்டி, எத்தனை நாளாக இருக்கிறது, வலிக்கிறதா, டாக்டர் என்ன பேர் சொன்னார்? 19ஆம் தேதி தவறாமல் போ.

இப்போது என் ஆத்துமாவுக்கு வருகிறேன். நீ என்னவோ நான் சாம்பிராணி புகைக்குள் உட்கார்ந்து குறி சொல்வதாக நினைக்கிறாய். துணி அலமாரி அளவுக்கு ஓர் அறை. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. ஃபேன் சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேன் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே போய், மறுநாளைக்கான ஒன்பது எண்ணுக்கும் வாசித்துவிட்டு, நனைந்த கோழியாக வெளியே வருவேன். பலன் எழுதுகிறவருக்கு நாங்கள் வைத்த பேர் தீர்க்கதரிசி. முன்பு சோப்புத்தூள் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பிஸ்கட் டப்பாவில் இருநூறு சீட்டு வைத்திருக்கிறார். குலுக்கி ஒன்பது எடுப்பார், அவ்வளவுதான் தீர்க்கதரிசனம். போன வாரம் ஐந்துக்கும் எட்டுக்கும் ஒரே சீட்டு வந்தது. ஒருத்தர் கண்டுபிடிக்கவில்லை.

முன்னால் வேலை பார்த்த பெரிய கடையில் அறிவிப்பு வாசித்தேன். கடையை மூடினார்கள். இந்த வேலை கிடைத்தது. அங்கே குக்கர் விற்றேன், இங்கே பழைய நண்பரை விற்கிறேன். நான் இதில் ஒரு எழுத்தைக்கூட நம்பவில்லை. நம்பாமல் வாசிப்பதில் என்ன பாவம்? ஞாயிறு தோறும் இங்கேயும் ஆலயத்துக்குப் போகிறேன், பாடம் வாசிக்கச் சொல்கிறார்கள், வாசிக்கிறேன்.

போன் செய்யாதே என்று சொல்லிவிட்டாய். வாயாடி என்று எனக்குப் பேர் வைத்தவனே நீதான். அந்த வாயைக் கட்டினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? அடித்த இரண்டு வரியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் படித்துவிட்டேன். அடித்தது நல்லது.

உன் தங்கை


பிப்ரவரி 20

அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். நேற்று ஆபரேஷனுக்குப் போகவில்லை. பதறாதே. மார்ச் 6ஆம் தேதிக்குத் தள்ளி வாங்கியிருக்கிறேன். உள்ளே சமாதானம் இல்லை. சமாதானம் இல்லாத காரியத்தில் காலை வைக்கக் கூடாது என்பது உனக்கும் தெரிந்ததுதான். கேட்டு ஜெபித்தேன், எனக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. அவசரப்பட்டு இறங்காதவன் தடுக்கி விழுவதில்லை. காத்திருக்கிறவனுக்குக் களைப்பு இல்லை, புதுபெலன் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

கட்டி கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. வலது கண்ணை இறுக்கி மூடினால் முழுசாக மூடுவதில்லை. முகத்துக்குப் போகிற நரம்பு அந்த வழியாகத்தான் போகிறதாம், நாளைக் கடத்தாதே என்று டாக்டர் கடிந்துகொண்டார். டாக்டருக்கு அவர் படிப்பு, எனக்கு என் விசுவாசம்.

வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். எங்கேயோ ஓர் ஓட்டை வழியாக உலகம் உள்ளே வந்துவிட்டது, அதனால்தான் இந்தச் சோதனை என்று தோன்றுகிறது. வார பலன் வருகிற பத்திரிகையை நிறுத்தினேன். குருவியின் போனில் இருந்த பாட்டையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். பள்ளிக்கூட நாடகத்தில் அவள் சூனியக்காரி வேஷம் போட இருந்தாள். வேண்டாம் என்று ஆசிரியைக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்று நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. உன் அண்ணியும் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்குப் பதில் சொல்கிறாள். இருக்கட்டும். காவல்காரன் எல்லோருக்கும் பிடித்தவனாக இருக்க முடியாது.

நீ இன்னும் அங்கேதான் இருக்கிறாய்.

உன் அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

ஒரே ஒரு கேள்வி. உண்மையைச் சொல். காலையில் அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கேட்கிறாயா?

"அவசரப்பட்டு இறங்காதவன் தடுக்கி விழுவதில்லை" என்பது வேதத்தில் எங்கேயும் இல்லை. அது நான் எழுதியது. பஸ்ஸில் போகும்போது, டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியது. 18ஆம் தேதி காலை ஏழாம் எண்ணுக்குப் போனது. வேறு எந்த எண்ணுக்கும் போகவில்லை. நீ 16ஆம் தேதி பிறந்தவன். ஒன்றும் ஆறும் ஏழு.

நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் 11ஆம் தேதி தீர்க்கதரிசி மாடிப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொண்டார். அவர் எண் மூன்று. அன்றைக்கு மூன்றுக்கு வந்த சீட்டு "உயர்வு தேடி வரும்." ஆள் வரும்வரை நீயே எழுதி நீயே வாசி என்றார்கள். எட்டு எண்ணுக்கு டப்பாவைக் குலுக்கினேன். ஏழுக்கு மட்டும் குலுக்கவில்லை. உன்னோடு பேசிப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது, அண்ணா. போன் கூடாது. கடிதம் போய் வர ஒரு வாரம். அந்த அலமாரிக்குள் உட்கார்ந்து "ஏழாம் எண்காரர்களே" என்று சொல்லும்போது உன் முகம்தான் வந்தது. அதனால் உனக்கு என்ன சொல்ல நினைத்தேனோ அதைச் சொன்னேன். நடுநடுவே வேத வசனத்தை, எந்த அதிகாரம் என்று சொல்லாமல், கொஞ்சம் மாற்றிச் சேர்த்தேன். இந்தக் குப்பையில் ஒரு எண்ணுக்காவது நல்ல வார்த்தை போகட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ கேட்பாய் என்று கனவிலும் நினைக்கவில்லை. உலகமே கேட்டாலும் கேட்காத ஓர் ஆள் நீ என்றுதான் நினைத்தேன்.

காத்திரு என்று நான் சொன்னது எதற்குத் தெரியுமா? என்மேல் கோபப்பட்டு ஒரேயடியாக முடிவெடுத்துவிடாதே, கொஞ்சம் பொறு என்பதற்கு. ஆபரேஷன் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. 19ஆம் தேதி நீ போவாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நம்பாமல் வாசித்தால் பாவமில்லை என்று உனக்கு எழுதினேனே. வாசிக்கிறவளைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன். அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. கண் மூடவில்லை என்கிறாய். அதை நான் செய்தேனா?

மார்ச் 6 போ. காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 1

தங்கைக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் வைத்துப் படித்தேன். மடித்துப் பையில் வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். இல்லை, நான் கேட்கவில்லை, எவரோ சொன்னார்கள் என்று பதில் எழுதி இரண்டு நாள் வைத்திருந்தேன். தலையணைக்கு அடியில் அது இருந்த இரண்டு ராத்திரியும் தூக்கம் வரவில்லை. கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

கேட்டேன். உனக்கு முதல் கடிதம் எழுதிய மறுநாளே ஆரம்பித்தேன். எதிரி யார் என்று தெரிந்தால்தானே சண்டை போட முடியும் என்று எனக்குச் சாக்கு இருந்தது. பதினான்காம் மாடிக்கு மேலே அந்த அறையில் நானும் இரண்டு மோட்டாரும்தான். காலை ஆறரைக்கு யாரும் வரமாட்டார்கள். ஒரு நாள் ஒன்பது எண்ணையும் கேட்டேன். உண்மையைச் சொன்னால், பலனைக் கேட்கவில்லை, உன் குரலைக் கேட்டேன். இருபது வயதுவரை நான் வளர்த்த பிள்ளை நீ. போன் செய்யாதே என்று சொல்லிவிட்டு இருக்க முடியவில்லை.

அப்புறம் ஏழு மட்டும் கேட்க ஆரம்பித்தேன். அப்புறம் அது சரியாக இருப்பது போலத் தோன்ற ஆரம்பித்தது. 13ஆம் தேதி நீ சொன்னதில் ஒரு வசனத்தின் வாசனை அடித்தது. அம்மா சுகமில்லாமல் கிடந்தபோது சொல்லிக்கொண்டிருந்த வசனம். கழுதையின் வாயைத் திறந்து பேசினவர், என் தங்கையின் வாயைத் திறக்க மாட்டாரா என்று நினைத்தேன். உன்னைக் கழுதை என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

18ஆம் தேதி காத்திரு என்றாய். எனக்கு ஆபரேஷன் என்றால் பயம். கத்திக்குப் பயம், மயக்க மருந்துக்குப் பயம், அந்தக் கட்டியைத் திறந்து பார்த்து டாக்டர் என்ன பேர் சொல்வாரோ என்று எல்லாவற்றையும்விடப் பயம். பயந்தவனுக்குக் காத்திரு என்பதைவிட இனிப்பான வார்த்தை உண்டா? ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தள்ளி வைத்தேன். உன் அண்ணியிடம் டாக்டரே தள்ளிவிட்டார் என்று சொன்னேன். பதினாறு வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய்.

பத்திரிகையை நிறுத்தினேன், பாட்டை அழித்தேன், பிள்ளையின் நாடகத்தை நிறுத்தினேன். வாசலைப் பூட்டிவிட்டுத் திருடனோடு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறேன். போதகரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? நானே பூட்டில் கம்பியைச் செருகியவன்.

இன்னும் ஒன்று, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த பிறகும் இன்று காலை ஏழாம் எண்ணை அழுத்தினேன். எழுதுவது நீதான் என்று தெரிந்தும் அழுத்தினேன். 6ஆம் தேதி போகலாமா என்று அதில் ஏதாவது வராதா என்று காது காத்திருந்தது. போகலாம் என்று எனக்குச் சொல்ல இப்போது யாரும் இல்லை. ஜெபித்தால் என் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்கிறது. போவேனா என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

இதைத் தலையணைக்கு அடியில் வைக்கப் போவதில்லை. விரைவுத் தபாலில் இப்போதே போடுகிறேன். நாளைச் சாயங்காலம் உன் கைக்கு வர வேண்டும்.

காலையில் உன் கடிதம் வந்தது. நாலு மணிக்கு அலமாரிக்குள் போனபோது என் கையில் ஒரு வரி இருந்தது. "ஏழாம் எண்காரர்களே, தள்ளிப்போட்ட காரியத்துக்குப் போகிற வேளை வந்துவிட்டது, பயப்படாமல் போங்கள், எல்லாம் நல்லபடியாக முடியும்." மூன்று தரம் வாசித்துப் பதிவு செய்தேன். நன்றாக வந்தது. எனக்கே நம்பிக்கை வந்தது. இதைக் கேட்டால் நீ 6ஆம் தேதி எழுந்து போய்விடுவாய், எனக்குத் தெரியும். உன் முகமும் உயிரும் தப்பிக்கும். எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஆனால் அதற்கப்புறம் நீ செத்துப்போகிறவரைக்கும் காலை ஆறரைக்கு அதை அழுத்திக்கொண்டிருப்பாய். நான் இல்லாவிட்டால் வேறொருத்தி சொல்வாள், அவள் டப்பாவைக் குலுக்கிச் சொல்வாள், அதையும் கேட்பாய். உன்னை நானே கயிறு கட்டி அங்கே கொண்டுபோய் விட்டதாக ஆகும். எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாருக்குத் தெரியும்?

அழித்துவிட்டேன். பதிலுக்கு இதைச் சொன்னேன்: "ஏழாம் எண்காரர்களே, மற்ற எட்டு எண்காரர்களே, உங்களுக்கு நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இதைச் சில நாள் நான் எழுதினேன், மற்ற நாள் பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்தது. போனை வைத்துவிட்டு வீட்டில் இருப்பவர்களோடு பேசுங்கள்." மேலாளர் கேட்டுவிட்டார். அது போகாது. அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். இதைப் போய் ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சியாகச் சொல்லாதே. நான் தைரியசாலி இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வரியை அழித்தது சரியா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை. நீ போகாமல் இருந்துவிட்டால் நான் என்னை மன்னிக்கவே மாட்டேன். அதனால் இது மட்டும்: நாளை ராத்திரிக்குள் அண்ணியிடம் நீயே எல்லாவற்றையும் சொல். சொல்லாவிட்டால் ஒன்பது மணிக்கு நான் அண்ணிக்குப் போன் செய்வேன். உன் தடையும் அப்பாவின் சட்டமும் அன்றைக்கு ஒரு நாள் ஓரமாக இருக்கட்டும்.

உன் வாயாடி


மார்ச் 9

அன்பான தங்கைக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். போனேன். எடுத்துவிட்டார்கள். வாயின் வலது ஓரம் தொங்குகிறது. நரம்பில் ஒட்டிக்கொண்டிருந்ததாம், கஷ்டப்பட்டுப் பிரித்ததாகச் சொன்னார்கள். இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகலாம். ஆகாமலும் போகலாம்.

5ஆம் தேதி குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். உன் அண்ணி வேதப் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "போன்ல வர்ற குரலை நம்பினீங்க. பக்கத்துல இருக்கிறவ போங்க போங்கன்னு ஒரு மாசமா சொன்னேனே, அதை ஏன் நம்பல?" என்று கேட்டாள். குருவி, "என் பாட்டையெல்லாம் அழிச்சீங்களேப்பா" என்று மட்டும் சொன்னாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதை உள்ளே விடலாம் என்று இனி அவளையும் கேட்டுத்தான் முடிவு செய்வேன் என்றேன். பாட்டு எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிட்டேன்.

பிறகு மூவரும் ஜெபித்தோம். நீ நினைப்பது போல ஒன்றும் நடக்கவில்லை. வார்த்தை வரவில்லை, சமாதானமும் வரவில்லை. காலையில் ஆறரைக்குக் கை தானாகப் போனுக்குப் போனது. எடுத்துக் குருவியிடம் கொடுத்துவிட்டேன். பயந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். படுக்கையில் தள்ளிக்கொண்டு போகும்போதும் பயந்துகொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒரு அடையாளமும் காட்டாமல் ஆண்டவர் கூட வந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படித் தெரியவில்லை.

நேற்று மூப்பரின் மனைவி பார்க்க வந்தார். அந்தச் சேவையில் இப்போது வேறு யாரோ பேசுகிறாளாம், உங்கள் தங்கை அளவுக்கு இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். பத்து நாள் வாயை அசைக்கக் கூடாது என்பதால் தாளில் எழுதிக் காட்டினேன்: நானும் கேட்டேன், ஏழாம் எண். அவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தன் போனை எடுத்துப் பார்த்தார், திரும்பப் பைக்குள் வைத்தார். போகும்போது போதகரிடம் சேர்ந்தே போய்ப் பேசலாமா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு செவ்வாய்க்கிழமை வரும். எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு மட்டும் சொல்கிறேன் என்று எழுத வந்தேன், அண்ணிக்கும் சொல்லிவிட்டேன்.

நீ செய்தது சரியா தப்பா என்று கேட்டிருந்தாய். அந்த வரி மட்டும் வந்திருந்தால் அதைக் கேட்டுக்கொண்டு போயிருப்பேன், அடுத்த நாளும் அந்த எண்ணை அழுத்தியிருப்பேன். நீ அதை அழித்தாய் என்று படித்தபோதுதான் எழுந்து அண்ணியிடம் போனேன்.

உனக்கு வேலை இல்லை என்று தெரியும், யோசித்து ஏதாவது செய்வோம். அதற்கு முன்னால் ஒன்று. இது கிடைத்த மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கு வீட்டுக்குப் போன் செய். என்னால் பேச முடியாது. குருவி போனை என் இடது காதில் பிடிப்பாள். வானம் எப்படி இருக்கிறது, என்ன சாப்பிட்டாய், பக்கத்து அறைக்காரி என்ன சொன்னாள், எதை வேண்டுமானாலும் சொல். எனக்கு என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லாதே.

உன் அண்ணன்